கொசுவுக்கு மதம் தெரியாது

மூளைக்காய்ச்சல் தரும் நிபா வைரஸின் பெயர் காதில் விழுந்ததுமே, ‘வௌவால்களைக் கொல்லுங்கள், மரங்களை வெட்டுங்கள்’ என்று கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் மலேசியக் கதையைக் கொஞ்சம் கேட்கட்டும்.

1998இல் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைக்காரர்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தார்கள். கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டி, கொசு மருந்துப் புகை அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் படுத்தார்கள். அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத்தான் தாக்கும். இங்கோ உழைக்கும் வயது ஆண்கள். கொசுதான் காரணமென்றால் பக்கத்து மலாய்க்காரரை மட்டும் கடிக்காமல் விட்டுவிடுமா? முஸ்லிம்கள் என்பதால் பன்றியைத் தொடாத அவர்கள் நன்றாகவே இருந்தார்கள். பன்றிகளும் இருமிக்கொண்டிருந்தன. இத்தனையும் கண்முன் கிடந்தும், முதலில் சொன்னதை விட்டுக்கொடுக்க மாதக்கணக்கானது.

1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். நோயாளி ஒருவரின் ஊரான சுங்கை நிபாதான் அதற்குப் பெயரானது. மலேசியாவில் மொத்தம் 265 பேருக்கு நோய்; 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்ற பிறகே பரவல் நின்றது.

சரி, பன்றிக்கு எங்கிருந்து வந்தது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். தியோமான் தீவில் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் மரங்களுக்கடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, சொட்டுச் சொட்டாக விழும் மூத்திரத்தைச் சேகரித்தார்கள். அவை கடித்துப் போட்ட பழங்களையும் பொறுக்கினார்கள். இரண்டு மூத்திர மாதிரிகளிலும், பாதி தின்ற பழம் ஒன்றிலும் நிபா கிடைத்தது. கௌரவமான வேலையாகத் தெரியாது. ஆனால் வைரஸின் வீடு தெரிந்தது அப்படித்தான். நோய் தொடங்கிய பண்ணையில் பன்றிக் கொட்டடியை ஒட்டியே மாமரங்கள் நின்றன. மரத்தை அங்கே வைத்தது வௌவால் அல்ல.

கேரளத்தில் 2018 மே மாதம் பேராம்ப்ராவில் நிபா வந்தபோது என்ன நடந்தது? முதலில் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் கிணற்றில் வௌவால்கள் இருந்தன. குற்றவாளி சிக்கிவிட்டது என்று ஊரே பேசியது. பரிசோதித்தால் அவற்றில் நிபா இல்லை. அவை பூச்சி தின்னும் வகை. பிறகு அந்த வட்டாரத்துப் பழந்தின்னி வௌவால்களில்தான் வைரஸ் தென்பட்டது. கொல்லச் சொல்கிறவர்கள், எந்த வௌவாலை என்று முதலில் சொல்லட்டும்.