கைவிடப்பட்ட பேக்கேஜ்களைத் தத்தெடுத்தவர்கள்

போன வாரம் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டான்: "அண்ணே, மீட்டியர் இன்னும் இருக்கா? யாராச்சும் யூஸ் பண்றாங்களா?"

மீட்டியர் என்பது ஜாவாஸ்கிரிப்டில் வெப் ஆப் கட்ட உதவும் ஒரு ஃபிரேம்வொர்க். நியாயமான கேள்விதான். அங்கே சொன்ன பதில் போதவில்லை என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன்.

நான் மீட்டியருக்குள் வந்தது 2014 கடைசியில், 1.0 வெர்ஷன் வந்த சமயம். பிரவுசரிலும் சர்வரிலும் ஒரே ஜாவாஸ்கிரிப்ட். டேட்டாபேஸில் ஒரு வரி மாறினால் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் எல்லார் திரையிலும் தானாக மாறும். பட்டனை அழுத்தியதும் சர்வர் பதிலுக்குக் காத்திராமல் திரை மாறிவிடும், சர்வர் மறுத்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அன்றைக்கு இதையெல்லாம் தனித்தனியாகக் கட்டியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆனால் என்னை உண்மையில் காப்பாற்றியது மனிதர்கள். அப்போது புதிய பிராஜெக்ட் தொடங்கினால் ஆட்டோபப்ளிஷ், இன்செக்யூர் என்று இரண்டு பேக்கேஜ்கள் (ஆப்பில் சேர்த்துக்கொள்ளும் தயார் நிலைக் கோடுத் தொகுப்புகள்) கூடவே வரும். முதலாவது மொத்த டேட்டாவையும் எல்லாருடைய பிரவுசருக்கும் அனுப்பிவிடும். இரண்டாவது இருந்தால் பிரவுசரிலிருந்தே யார் வேண்டுமானாலும் டேட்டாபேஸில் எழுதலாம். கற்றுக்கொள்ளும்போது வசதி, லைவ் போகும் முன் கட்டாயம் நீக்க வேண்டும். அது தெரியாமல் ஒரு வாடிக்கையாளரின் கணக்கு ஆப்பை லைவாக விட இருந்தேன். வேறு ஏதோ பிழைக்கு உதவி கேட்டு என் புரோகிராம் கோடைக் காட்டியபோது, முகம் தெரியாத ஒருவர் முதலில் இதைத்தான் சுட்டிக்காட்டினார். அப்புறம் பொறுமையாக, எந்த டேட்டாவை யாருக்கு அனுப்புவது என்று எழுதிக் காட்டினார். அவருக்கு இதில் ஒரு பைசா லாபம் கிடையாது.

மீட்டியரின் கதை முழுக்க இப்படிப்பட்டவர்களின் கதைதான். அட்மாஸ்ஃபியர் என்ற பேக்கேஜ் களஞ்சியமே முதலில் பயனர்கள் கட்டியது. மீட்டியருக்குள்ளேயே பேக்கேஜ் முறை வந்தது 2014 ஆகஸ்டில், 0.9 வெர்ஷனில்தான். இலங்கையிலிருந்து இயங்கிய மீட்டியர்ஹாக்ஸ் குழு கொடுத்தது இன்னும் அதிகம்: சொந்த சர்வரில் ஆப்பை ஏற்றுவதற்கு மீட்டியர் அப், எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று முடிவு செய்யும் ரவுட்டிங்குக்கு ஃப்ளோ ரவுட்டர், ஆப் எங்கே மெதுவாகிறது என்று காட்டும் கடிரா. 2016 மார்ச்சில் மீட்டியரின் இலவச ஹோஸ்டிங் நின்றபோது, என்னைப் போன்ற சின்ன ஆட்களுக்குக் கைகொடுத்தது மீட்டியர் அப்தான்.

பிறகு சோதனைக்காலம் வந்தது. மீட்டியர் நிறுவனத்தின் கவனம் அப்பல்லோ என்ற தன் இன்னொரு தயாரிப்பின் பக்கம் திரும்பியது. 2017இல் கடிரா சேவையும் மூடப்பட்டது. 'மீட்டியர் செத்துவிட்டது' என்று பலர் எழுதியது அந்த நாட்களில்தான்.

அவர்கள் பார்க்கத் தவறியது ஒன்று உண்டு. கடிராவின் கோடைத் திறந்து கொடுத்துவிட்டுத்தான் மூடினார்கள். அதிலிருந்து அதே வேலையைச் செய்யும் மான்டி ஏபிஎம் முளைத்தது. மீட்டியர் அப்பை வேறொருவர் எடுத்து நடத்தினார். ஃப்ளோ ரவுட்டர், எக்ஸ்ட்ரா என்ற வாலோடு இன்னொருவர் கையில் வளர்ந்தது. ஆசிரியர் இல்லாமல் கிடந்த பேக்கேஜ்களைப் பராமரிக்கவே, கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் மீட்டியர் கம்யூனிட்டி பேக்கேஜஸ் என்று ஒரு பொது இடம் உருவானது. 2019இல் டைனி நிறுவனம் மீட்டியரை வாங்கியபோது, அங்கே இன்னும் ஊர் காலியாகாமல் இருந்தது இவர்களால்தான்.

பெரிய வேலை அதற்கப்புறம்தான் வந்தது. சர்வர் பக்கக் கோடை ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்படி எளிதாக எழுத மீட்டியர் நம்பியிருந்த ஃபைபர்ஸ் என்ற துணைக்கருவி, சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்டின் 16ஆம் வெர்ஷன் முதல் வேலை செய்யாது என்றாகிவிட்டது. மீட்டியர் 2 நோட் 14லேயே நின்றது. அந்த நோட் 14க்கும் 2023 ஏப்ரலோடு ஆதரவு முடிந்தது. ஃபைபர்ஸைப் பிடுங்கி எறிந்து, நோட் 20 மீது மீட்டியர் 3.0 வந்தது 2024 ஜூலையில். அதன் விளைவு: டேட்டாபேஸிலிருந்து ஒன்றை எடுக்க சர்வர் கோடில் ஃபைண்ட்ஒன் என்று எழுதிய இடத்திலெல்லாம் ஃபைண்ட்ஒன்அசிங்க், முன்னால் 'பதில் வரும்வரை காத்திரு' என்று சொல்லும் ஒரு அவெய்ட். ஒரு அவெய்ட் விட்டுப்போனால் சத்தமில்லாமல் தப்பான விடை வரும். நம் கோடை நாம் மாற்றலாம், நாம் நம்பியிருக்கும் பேக்கேஜை யார் மாற்றுவது?

எங்கள் ஆப்பில் ஒரு பேக்கேஜின் ஆசிரியரிடமிருந்து பல வருடமாகப் பதிலே இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சம்பளமில்லாமல் இத்தனை நாள் எங்கள் ஆப்பைத் தாங்கியவர் அவர். குறை எங்கள் பக்கம்தான்: அதை வைத்துச் சம்பாதித்த காலத்தில் ஒரு பிழையறிக்கைகூட ஒழுங்காக எழுதி அனுப்பவில்லை.

ஆகவே எந்த ஃபிரேம்வொர்க்கைத் தேர்ந்தெடுத்தாலும் கிட்ஹப்பில் அதற்குக் கிடைத்த ஸ்டார் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள் என்பேன். உங்களுக்குத் தேவையான நாலைந்து பேக்கேஜ்களின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் கடைசியாக யார் கைவைத்தார், எப்போது, ஒருவர் விலகினால் எடுத்து நடத்த இன்னொருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். உள்ளே வந்தபின் நீங்களும் ஒரு கை கொடுங்கள். பிழையை மட்டும் தனியாகக் காட்டும் ஒரு சின்ன பிராஜெக்டை அனுப்பினாலே பராமரிப்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

தம்பியிடம் அந்தப் பேக்கேஜைக் கொடுத்திருக்கிறேன். இருவருமாக அதை 3.0க்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். டெஸ்ட்டில் இன்னும் இரண்டு பாக்கி. அதுவும் ஓடியதும் பொதுவில் போட்டுவிட்டு, மாற்றும்போது எங்கெல்லாம் இடறினோம் என்பதையும் தமிழிலேயே எழுதப்போகிறோம்.