அடும்பு வெளிநாட்டுக் களை அல்ல

"கடற்கரையில் படரும் ஊதாப்பூக் கொடி நெய்வேலிக் காட்டாமணக்குதான், வெளிநாட்டுக் களை, வேரோடு பிடுங்குங்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு. அது அடும்பு (ஐபோமியா பெஸ்-காப்ரே), நம் கடற்கரையில் இயல்பாக வளர்வது; குறுந்தொகை 243-ஆம் பாடலிலேயே இருக்கிறது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது நெய்வேலிக் காட்டாமணக்கு (ஐபோமியா கார்னியா). இரண்டுக்கும் பேரினம் (ஐபோமியா) ஒன்று, அதனால்தான் குழப்பம்.

இலையைப் பாருங்கள். அடும்பிலை நுனியில் மான் குளம்புபோலப் பிளந்திருக்கும், தண்டு மணலில் கிடக்கும். காட்டாமணக்கோ குளக்கரையில் ஆளுயரம் நிமிரும், இலைநுனி கூர்மை.

அடும்பு கணுதோறும் வேர்விட்டு மணலைப் பிடிக்கிறது; பிடுங்கினால் மேடு காற்றில் கரையும். 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் மணல்மேடுகள், சூழலியல் நோக்கில் எளிதில் பாதிக்கப்படும் பகுதிகளுக்கான 1ஏ பிரிவில் உள்ளன. தாவரப் பெயர்களையும் பிறப்பிடத்தையும் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இணையத் தரவுத்தளத்தில் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.