கணக்குக் கேட்டது குற்றமா?

கோவை ஓட்டல்காரர் ஒருவர் ஒன்றிய நிதியமைச்சரிடம் மன்னிப்புக் கேட்கும் அந்த வீடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு அனுப்புகிறீர்கள். ஒருமுறைதான் பார்த்தேன், அதுவும் பாதி. மீதியைப் பார்க்க மனம் வரவில்லை. இனி யாரும் அனுப்ப வேண்டாம்.

இந்த 2024 செப்டம்பரில், கோவை கொடிசியா அரங்கில், நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் முன்னால் குறைகளைக் கேட்கத்தான் தொழில் செய்கிற எங்களைக் கூட்டினார்கள். ஓட்டல்காரர் எழுந்து குறையைச் சொன்னார். பன்னுக்கு வரி இல்லை, அதற்குள் கிரீம் வைத்தால் 18 சதவீதம். கிரீமைத் தனியாகக் கொடுங்கள், நாங்களே தடவிக்கொள்கிறோம் என்று வாடிக்கையாளர் கேட்கிறார் என்றார். அரங்கம் சிரித்தது. மறுநாள் அதே மனிதர் அமைச்சரிடம் மன்னிப்புக் கேட்கிறார். அவர் கேட்டது சலுகை அல்ல, கணக்கு.

"அவராகத்தானே போய்க் கேட்டார், யார் மிரட்டினார்கள்?" என்கிறார் ஒரு நண்பர். உண்மைதான், யாரும் மிரட்டியிருக்க மாட்டார்கள். ஐம்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவனை மிரட்டவே வேண்டாம். அரசு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் என்னவாகும் என்பது அவனுக்கே தெரியும்.

"வரியைத் தீர்மானிப்பது ஜிஎஸ்டி கவுன்சில், அதில் மாநிலங்களும் இருக்கின்றன." இருக்கின்றன. வாக்குமதிப்பில் மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு, ஒன்றியத்துக்கு ஒரு பங்கு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஒன்றியம் தலையாட்டாமல் அங்கே ஒன்றும் நகராது. போகட்டும், எல்லோரும் சேர்ந்துதான் தீர்மானித்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மன்னிப்பையும் கவுன்சிலா தீர்மானித்தது?

அடுத்து வருவார்கள், "கரண்டு கட்டணம் ஏறியபோது எங்கே போனாய்?" என்று. எங்கும் போகவில்லை ஐயா. 2022இல் மாநில அரசு நிலைக்கட்டணத்தை ஏற்றியதை எதிர்த்து, 2023 செப்டம்பர் 25 அன்று ஷட்டரை இறக்கிவிட்டு நின்றவர்களில் நானும் ஒருவன். மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய காசு அது. அன்று என்னை ஒரு கட்சியின் கைக்கூலி என்றார்கள். இன்று எதிர்க்கட்சியின் கைக்கூலி. கூலி மட்டும் இரண்டு பக்கத்திலிருந்தும் இன்னும் வந்து சேரவில்லை.

"அவர் பெரிய முதலாளி, அவருக்காக நீ ஏன் அழுகிறாய்?" பெரிய முதலாளி யார் என்பதை 2024 மார்ச்சில்தான் பார்த்தோமே! கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்கத் தேர்தல் பத்திரம் வாங்கியவர்களின் பட்டியல் வெளிவந்தபோது முதலிடத்தில் இருந்த லாட்டரி நிறுவனம் 1,368 கோடி ரூபாய்க்கு வாங்கியிருந்தது. முகவரி நம் கோவைதான். அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் கூட்டத்தில் மைக்குக்காகக் கை தூக்கியா காத்திருக்கிறார்கள்? மைக்கைத் தேடுகிறவன் வேறு வழி இல்லாதவன். அவனும் இனி தேட மாட்டான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், நாலு பேர், பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற ஜாப் ஒர்க். இவ்வளவுதான் என் சாம்ராஜ்யம். சில வருடங்களுக்கு முன் ஒருவரிடம் இரும்பு ராடு வாங்கினேன். வரியோடு சேர்த்துப் பணம் கொடுத்தேன். பில் இருக்கிறது, வங்கிக் கணக்கில் பதிவும் இருக்கிறது. வாங்கிய வரியை அவர் அரசுக்குக் கட்டவில்லை. நோட்டீஸ் எனக்கு வந்தது. 38,000 ரூபாயும் வட்டியும். பில்லை எடுத்துக்கொண்டு போனேன். மேசைக்கு எதிரே நாற்காலி காலியாக இருந்தது. உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. "கட்டாத ஆளிடம் ஏன் வாங்கினீர்கள்?" என்றார் அதிகாரி. அவர் கட்ட மாட்டார் என்று எனக்கு எப்படித் தெரியும்? இதைத்தான் கேட்டிருக்க வேண்டும். "தப்புதான் சார், மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

ஐம்பத்து மூன்று வயதில், என் மகனைவிடச் சில வயதே மூத்தவர் முன்னால், நான் செய்யாத தப்புக்கு. பைக்கில் திரும்பி வரும்போதுதான் என்ன சொன்னேன் என்பதே உறைத்தது. வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவளுக்குத் தெரியப்போகிறது.

அதனால், "ஒரு பன்னுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்க வருகிறவர்கள் தயவுசெய்து என் பக்கத்தை விட்டுப் போய்விடுங்கள். நான் பன்னைப் பற்றிப் பேசவில்லை.

20ஆம் தேதிக்குள் போன மாதத்துக்கான ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டும். அந்த மாதம் ராடு கொடுத்தவர் தன் விற்பனைக் கணக்கை ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றிவிட்டாரா என்று காலையிலிருந்து மூன்று முறை அழைத்துவிட்டேன். எடுக்கவில்லை.