மூன்று ஆண்டுத் திட்டமும் நொய்யல் தண்ணீரும்

நன்னீரின் தரத்தையும் காலநிலை மாற்றத்தையும் சேர்த்து ஆராயும் துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேரலாமா என்று, சென்னிமலைப் பக்கமிருந்து படிக்க வந்திருக்கும் மாணவி ஒருவர் சென்ற வாரம் கேட்டார். "ஏனுங்க சார், இதுல வேலை கெடைக்குங்களா?" என்றுதான் தொடங்கினார். இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கோவையில் பதினாறு ஆண்டுகளாக இதையே கற்பித்தும் ஆய்ந்தும் வருகிறவன் என்பதால், அவரிடம் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

கொங்கு நாட்டில் தண்ணீரைப் பற்றிய பேச்சு என்றால் அது அளவைப் பற்றிய பேச்சுதான். பவானிசாகரில் எத்தனை அடி நிற்கிறது, போர் எத்தனை அடியில் தண்ணீர் கொடுத்தது, கீழ்பவானியில் எப்போது திறப்பார்கள் என்பதெல்லாம் தேநீர்க் கடையில் நிற்கும் எவருக்கும் தெரியும். அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்ற கேள்வியோ, அதில் நிறம் தெரிந்த பிறகுதான் எழுகிறது. திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றில் நமக்கு நிறம் நன்றாகவே தெரிந்தது. 1992-இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. அணைத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று ஆயக்கட்டு விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. ஆற்றங்கரையில் தென்னை வைத்திருந்த என் அப்புச்சி, "தண்ணி வராமக் கெட்டவனப் பாத்திருக்கறேன் கண்ணு, வந்து கெட்டவன் நாந்தான்" என்று சொல்லிச் சிரிப்பார். நான் வேதியியல் படித்ததற்கு அந்தச் சிரிப்பும் ஒரு காரணம்.

கெடுத்தது சாயம் மட்டுமல்ல, உப்பும்தான் என்பது படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. பருத்தி நூலில் சாயம் ஏறிப் பிடிக்கச் சமையல் உப்பையும் சோடியம் சல்பேட் என்னும் உப்பையும் கிலோக் கணக்கில் கொட்ட வேண்டும். துணி சாயத்தை எடுத்துக்கொள்கிறது, உப்பு அப்படியே கழிவுநீரில் வெளியேறுகிறது. வழக்கமான சுத்திகரிப்பு நிறத்தை நீக்குமே தவிர உப்பை நீக்காது. ஆகவேதான், சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பின்னர், உப்பை வடிகட்டிப் பிரிக்கும் எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.), ஆவியாக்கிகள் என்று பெருஞ்செலவில் கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத முறைக்குப் பட்டறைகள் மாற வேண்டியிருந்தது. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். மண்ணுக்குள் இறங்கிவிட்ட உப்போ எந்த உத்தரவுக்கும் கட்டுப்படுவதில்லை. நல்ல மழை பல ஆண்டுகள் பெய்து கழுவிச் சென்றால்தான் உண்டு.

காலநிலை மாற்றம் இந்தக் கதைக்குள் நுழைவது இங்கேதான். மழை குறைந்த ஆண்டில் கழிவு குறைவதில்லை. அதை நீர்க்கச் செய்யும் தண்ணீர்தான் குறைகிறது. வெயில் கூடினால் குளத்தில் தண்ணீர் மட்டும் ஆவியாகி உப்பு தங்கிவிடுகிறது. நெடுநாள் வறட்சிக்குப் பிறகு ஒரே நாளில் கொட்டும் மழை, சாக்கடையிலும் வயலிலும் சேர்ந்துகிடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் ஆற்றில் தள்ளுகிறது. இவற்றைவிட அமைதியாக நடப்பது ஆக்சிஜன் குறைவது. நல்ல தண்ணீர் 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும், 30 டிகிரியில் 7.6 மட்டுமே. அதே சூட்டில் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களின் வேகமோ கூடுகிறது. வரவு குறையும்போதே செலவு ஏறுகிற குடும்பத்தின் நிலைதான் அந்தக் குளத்துக்கும்.

ஆனால் இதை எண்களால் நிறுவுவது நினைப்பதைப் போல எளிதன்று. பாசி படர்ந்து பச்சையான குளத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு மாதிரி எடுத்தால் ஆக்சிஜன் அளவுக்கு மீறியே இருக்கும். பகலெல்லாம் பாசி அதை உண்டாக்கிக்கொண்டிருக்கும். அதே குளத்தில் விடியலுக்கு முன் பார்த்தால், இரவு முழுவதும் பாசியும் பிற உயிர்களும் சுவாசித்துத் தீர்த்துவிட்டிருக்கும். மீன்கள் செத்து மிதப்பதை ஊர்மக்கள் பெரும்பாலும் காலையில் பார்ப்பதன் காரணம் அதுவே. நேரம் குறிக்காத அளவீட்டை நான் அளவீடாகவே மதிப்பதில்லை, மாணவர்கள் என்னைக் கடிந்துகொண்டாலும் சரி. ஒரு குளம் சீர்கெட்டது சூடு ஏறியதாலா, ஊர் பெருத்துச் சாக்கடை கூடியதாலா, உரம் வழிந்ததாலா என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே முறையில் பத்து இருபது ஆண்டுகள் அளந்திருக்க வேண்டும்.

நம் கல்வித்துறை வெகுமதி கொடுப்பதோ நேர்மாறான வேலைக்கு. ஆய்வுத் திட்டங்கள் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளில் முடிகின்றன. முனைவர் பட்டத்துக்கும் குறைந்தது அதே மூன்று ஆண்டுகள்தான். பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் ஆசிரியர்களுக்கு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்ததிலிருந்து, கட்டுரைகளை எண்ணிப் பதவி உயர்வு தரும் பழக்கம் எங்களுக்குள் ஊறிவிட்டது. பதினைந்து குளங்களுக்கு ஒரு முறை போய் மாதிரி எடுத்து வருகிறவருக்கு மூன்று கட்டுரைகள் கிடைக்கும். ஒரே குளத்துக்கு பதினைந்து ஆண்டுகள் போகிறவர் இடையில் எதையும் வெளியிட முடியாமல் திணறுவார். இது நமக்கு மட்டும் வந்த குறையும் அன்று. காற்றிலுள்ள கரியமில வாயுவை 1958 முதல் ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கிய சார்லஸ் கீலிங்கின் பதிவேட்டிலேயே, பணம் வெட்டப்பட்டதால் 1964-இல் சில மாதங்கள் விடுபட்டிருக்கின்றன.

என் பதிவேட்டிலும் ஓர் இடைவெளி உண்டு. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 விழுக்காடு பொய்த்தது. நான் தொடர்ந்து அளந்துவந்த குளம் சேற்றுக் குட்டையாகச் சுருங்கிய மாதங்கள் அவை. அதற்குச் சற்று முன்புதான் திட்டம் முடிந்திருந்தது. வண்டிக்குப் பணமில்லை, வேதிப்பொருள் வாங்க வழியில்லை, எழுதி முடிக்க வேண்டிய கட்டுரைகள் மேசையில் கிடந்தன. வறட்சி நீரின் தரத்தை என்ன செய்கிறது என்று காட்டக்கூடிய ஆண்டு அதுதான். அந்த ஆண்டின் பக்கங்கள் என் நோட்டில் வெறுமையாக இருக்கின்றன. நிறுவனத்தைக் குறை சொல்லலாம்தான். ஆனால் பேருந்தில் போய் ஒரு வெப்பமானியையாவது நனைத்திருக்கலாமே என்று இன்றும் தோன்றுகிறது.

மாணவியிடம் சேரச் சொன்னேன். வேலை எளிதில் கிடைக்கும் என்று பொய் சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னேன்: காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து பவானி ஆற்றின் உபரிநீரைக் குழாயில் ஏற்றி 1,045 குளம் குட்டைகளுக்கு விடும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில்தான் தொடங்கப்பட்டது. காய்ந்துகிடந்த குட்டைக்கு ஆற்றுநீர் வந்து சேரும்போது அதன் உப்பும் உயிர்களும், அதைச் சுற்றியுள்ள கிணறுகளும் எப்படி மாறுகின்றன என்பதைத் தொடக்கத்திலிருந்தே பார்க்க அவர் தலைமுறைக்கு வாய்த்திருக்கிறது. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன், பட்டம் வாங்கிய பிறகும் போகத் தோதாக, அவர் ஊரிலிருந்து ஒரே பேருந்தில் போய்ச் சேரும் தூரத்தில்.