உருட்டுறதுக்கெல்லாமா தங்கம்?

2022 ஆகஸ்ட் 2ஆம் தேதி மாலை, பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியின் மகளிர் நால்வர் லான் பௌல்ஸ் (புல்தரையில் பந்தை உருட்டி ஆடும் ஆட்டம்) இறுதி ஆட்டத்தை மதுரை நரிமேட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் உட்கார்ந்து பார்த்தோம். ஆட்டத்தின் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டவர்கள் நாங்கள். தென்னாப்பிரிக்காவை 17-10 என்ற கணக்கில் வென்று இந்திய அணி தங்கம் வாங்கியதும் என் கொழுந்தனார் சொன்ன முதல் வார்த்தை, "உருட்டுறதுக்கெல்லாமா தங்கம்?" என்பதுதான். நம் ஊர்ப் பேச்சில் 'உருட்டு' என்ற சொல்லுக்கு இப்போது என்ன பொருள் என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கேலியின் முழு அளவும் புரியும்.

அவருக்குப் பதில் சொன்னது நானல்ல, என் மாமியார். காப்பி குடித்து முடித்த எவர்சில்வர் டம்ளரைத் தரையில் படுக்க வைத்து, "இத நேரா அந்த நிலைப்படி வரைக்கும் உருட்டிக் காட்டுப்பா" என்றார். வாய் அகன்று அடி சிறுத்த டம்ளர் நேராகப் போகுமா? சிறுத்த பக்கமாக வளைந்து சோபாவின் அடியில் போய் நின்றது. பௌல்ஸ் பந்தின் சூட்சுமமும் ஏறக்குறைய இதுதான். பார்வைக்கு உருண்டையாகத் தெரிந்தாலும் ஒரு பக்கம் சற்றே வேறு வடிவில் கடையப்பட்ட அந்தப் பந்து, வேகமாகப் போகும்வரை நேராகப் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, வேகம் குறையக் குறைய உள்நோக்கி வளையும். எனவே 'ஜாக்' எனப்படும் சின்ன வெள்ளைப் பந்தைக் குறிவைப்பவர் அதைப் பார்த்து உருட்டக் கூடாது. வெகுவாக விலகிய ஓர் இடத்தைப் பார்த்து உருட்டி, ஒன்றரைக் கிலோவை ஒட்டிய அந்தக் கனம் கடைசி ஓரடியில் திரும்பி வரும் என்று நம்ப வேண்டும். புல்லின் ஈரம், காற்று, முந்தைய பந்துகள் கிடக்கும் நிலை என அத்தனையையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் கை பந்தை விட வேண்டும்.

நால்வர் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு பந்து, மொத்தம் பதினைந்து சுற்று. பாயை விரித்து ஜாக்கை உருட்டிச் சுற்றைத் தொடங்குபவர் முதல் ஆட்டக்காரர். அன்று அது ஜார்க்கண்ட் காவல்துறையில் பணிபுரியும் லவ்லி சௌபே. இரண்டாமவர் டெல்லிப் பள்ளியொன்றின் உடற்கல்வி ஆசிரியை பிங்கி. மூன்றாமவரான அஸ்ஸாமின் நயன்மோனி சைகியாவின் இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. எந்தப் பந்து ஜாக்குக்கு அருகில் இருக்கிறது என்பதில் சந்தேகம் வந்தால் குனிந்து அளப்பது மூன்றாமவரின் வேலை. எதிரணி மூன்றாமவரும் ஒப்புக்கொண்ட பிறகே புள்ளி எழுதப்படும். எதிர்முனையில் நின்று, எங்கே போட வேண்டும் என்று மற்ற மூவருக்கும் கைகாட்டிவிட்டுக் கடைசியில் வந்து தன் பந்துகளைப் போடுபவர் தலைவி. அவர் ராஞ்சியின் ரூபா ராணி திர்க்கி. முன்னவர்கள் மூவரும் கெடுத்துவைத்ததைக்கூடத் தலைவியின் ஒரு பந்து சரிசெய்துவிடும், அவர்கள் கட்டிவைத்ததை அதே ஒரு பந்து கலைத்தும் விடும்.

அன்றும் அப்படித்தான் ஏறி இறங்கியது. 8-2 என்று முன்னே இருந்த நம்மவர்களைத் தென்னாப்பிரிக்கர்கள் எட்டிப் பிடித்து 10-8 என்று தாண்டியபோது, கேலி செய்த கொழுந்தனாரே சோபாவின் விளிம்புக்கு நகர்ந்துவிட்டிருந்தார் (இதை அவர் இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை). அதன்பின் எதிரணிக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. முந்தைய நாள் அரையிறுதியிலும் நியூசிலாந்திடம் 0-5 என்று பின்தங்கிய பிறகே 16-13 என்று வென்றிருந்தார்கள். 2010 டெல்லிப் போட்டியில்தான் இந்தியா காமன்வெல்த்தில் இந்த ஆட்டத்தை முதன்முதலாக ஆடியது என்பதையும், இதற்கு முன் காமன்வெல்த்தில் இந்த ஆட்டத்தில் ஒரு வெண்கலம்கூட நமக்குக் கிடைத்ததில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தத் தங்கத்தின் எடை தெரியும்.

என்னுடைய வாதம் பதக்கத்தைப் பற்றியது மட்டும் அல்ல. அந்த நால்வரில் எவரும் இருபது வயதுப் பெண் அல்லர். முப்பதுகளிலும் நாற்பதை ஒட்டியும் இருந்தவர்கள். லவ்லி முன்பு ஓட்டக்காரர், நயன்மோனி பளு தூக்கியவர். காயம் அவர்களை அந்த ஆட்டங்களிலிருந்து வெளியே தள்ளியது, இந்த ஆட்டம் உள்ளே அழைத்தது. என்னோடு கல்லூரியில் கபடி ஆடிய ஏழு பேரில் இன்று எதையாவது ஆடுபவர் ஒருவரும் இல்லை. காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போனால், சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்ட எத்தனையோ பெண்கள் சர்க்கரைக்குப் பயந்து வட்டம் வட்டமாக நடப்பதைக் காணலாம். நடப்பது நல்லதுதான், ஆனால் அதில் ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை. மருத்துவர் சொன்னதற்காக அல்லாமல் தோற்கடிப்பதற்காகவே ஒரு பெண் மைதானத்துக்கு வரும் வாய்ப்பை நாம் கல்யாணப் பத்திரிகையோடு முடித்துவிடுகிறோம்.

மதுரை வெயிலில் அப்படிப்பட்ட புல்லை யார் வளர்ப்பது, வைகையே காய்ந்து கிடக்கிறதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் இந்த ஆட்டத்துக்குப் புல் கட்டாயம் அல்ல. பல நாடுகளில் செயற்கை விரிப்பில், கூரைக்குக் கீழே ஆடுகிறார்கள். சுமார் நாற்பது மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் உள்ள ஒரு தடம் கிடைத்தால் இரண்டு அணிகள் ஆடலாம். நம் ஊரின் பெரிய கல்யாண மண்டபங்கள் சில ஆடி மாதம் முழுவதும் பூட்டித்தான் கிடக்கின்றன.

விளையாட்டுத் துறையோடு தொடர்புடைய ஒருவரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "எந்த வயதுப் பிள்ளைகளுக்கு மேடம்?" என்றார். எனக்கு நாற்பத்தாறு, என் மாமியாருக்கு எழுபத்தொன்று என்றேன். பேனாவை எடுத்தவர் எதையும் எழுதாமல் மூடி வைத்தார். அடுத்த மாதம் மறுபடியும் போகப் போகிறேன். அத்தையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், டம்ளரோடு.