நியூவாட்டர் வெறும் பணத்தால் வந்ததன்று

சிங்கப்பூரில் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் தூய நீரே நியூவாட்டர். "2003இல் வெளிநாட்டுச் சவ்வுகளை (நீரை வடிகட்டும் மென்படலங்களை) வாங்கியதால்தான் நியூவாட்டர் கிடைத்தது, பணமிருந்தால் எந்த அமைப்பும் நெருக்கடியைத் தாங்கும் மீள்திறனை வாங்கிவிடலாம்" என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது பாதிதான் சரி. சவ்வுத் தொழில்நுட்பம் நம்முடைய கண்டுபிடிப்பன்று, உண்மைதான். ஆனால் 1974இலேயே இங்கு ஒரு முன்னோட்ட ஆலை கட்டப்பட்டு, அதிகச் செலவும் நம்பகமின்மையும் காரணமாக மூடப்பட்டதையும், சவ்வுகள் மேம்பட்டு விலை குறைந்த பின் 1998இல் ஆய்வு மீண்டும் தொடங்கி, 2000இல் பிடோக் வட்டாரத்தில் செயல்விளக்க ஆலை அமைத்து, நீரின் தரத்தை நிபுணர் குழு ஆராய்ந்ததையும் அவர் விட்டுவிட்டார். கைவிட்ட ஒன்றை எப்போது திரும்பக் கையிலெடுப்பது என்று அறிந்திருப்பதே இங்கு உத்திசார் திறன். அது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

என் பார்வையில் இதைவிட முக்கியமானது, அதிகம் பேசப்படாத 2001ஆம் ஆண்டு மாற்றம். சுற்றுச்சூழல் அமைச்சின் கழிவுநீர், வடிகால் துறைகள் அப்போதுதான் குடிநீர் விநியோகத்தைக் கவனித்துவந்த பொதுப் பயனீட்டுக் கழகத்துடன் இணைக்கப்பட்டன. கழிவுநீரும் குடிநீரும் ஒரே நிர்வாகத்தின் கைக்கு வராதிருந்தால், ஒன்றை மற்றொன்றின் மூலப்பொருளாகக் கருதித் திட்டமிடுவது கடினமாகவே இருந்திருக்கும். நீடித்த நிலைத்தன்மைக்கும் இதனால் பலனுண்டு: கடல்நீரின் உப்பை அகற்றுவதைவிடக் கழிவுநீரைச் சுத்திகரிக்க மின்சாரம் குறைவாகவே செலவாகிறது.