பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் எதைத் துடைப்பது, எதை விடுவது

இலைகள் உதிரத் தொடங்கியதும் வீட்டைப் புரட்டிப்போட்டுச் சுத்தம் செய்வதற்கு நியாயமான காரணம் உண்டு. ஜன்னல்கள் மூடப்படப் போகின்றன, கம்பளிகள் பெட்டியை விட்டு வெளியே வரப்போகின்றன, ஹீட்டர் ஓடப்போகிறது. அடுத்த சில மாதங்களுக்கு வீட்டுக்குள் அடைபட்ட காற்றைத்தான் எல்லோரும் சுவாசிக்க வேண்டும். ஆனால் ஆறு மாதம்கூட ஆகாத குழந்தை இருந்தால், வழக்கமான பட்டியலில் பாதியை இந்த வருடம் கிழித்துப் போட்டுவிடலாம் என்பது என் கட்சி. மீதிப் பாதியை வழக்கத்தைவிடக் கவனமாகச் செய்ய வேண்டும். எது எந்தப் பாதி என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

அலமாரியின் மேல்தட்டு, ஃபிரிட்ஜின் பின்புறம், விளக்குக் கூடு எல்லாம் வருகிறவர்கள் கண்ணுக்காகச் செய்வது. குழந்தைக்கு அவை இருப்பதே தெரியாது. பிறந்த குழந்தைக்குச் சுமார் 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்குகிறது, நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை மூச்சு விடுகிறது, அதுவும் பெரும்பாலும் மூக்கு வழியாக. அதன் உலகம் என்பது படுக்கை, தோலில் படும் துணி, அந்த அறையின் காற்று, தூக்குகிறவர்களின் கை. வேலையை இங்கிருந்து தொடங்குங்கள். நேரம் மிஞ்சினால் விளக்குக் கூட்டுக்குப் போகலாம்.

முதலில் கம்பளிப் பெட்டி. போன வருடம் எடுத்து வைத்த போர்வை, ஸ்வெட்டர், மூத்த குழந்தையின் தொப்பி எல்லாவற்றுக்கும் நடுவே அந்துருண்டை கிடந்தால் அந்தத் துணி எதுவும் குழந்தையின் மேல் படக் கூடாது. அதில் உள்ள நாப்தலீன் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகித் துணியில் ஊறிவிடும். மூச்சு வழியாகவும் போகும், தோல் வழியாகவும் போகும். கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் எண்ணெய் பூசிய தோலில் இன்னும் சுலபமாக இறங்கும். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இது சிவப்பணுக்களை உடைத்து, கடுமையான ரத்தசோகையையும் மஞ்சள்காமாலையையும் கொண்டுவரும். மூளையைப் பாதிக்கும் அளவுக்கு மஞ்சள் ஏறுவதும் நடந்திருக்கிறது. அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரியாமலே இருக்கும், ஏனென்றால் வேறு எந்த அறிகுறியும் காட்டாது.

‘ஒரு தடவை அலசினால் போச்சு’ என்று நினைக்க வேண்டாம். உருண்டையை எடுத்துவிட்டு, துணியை வெளிக்காற்றில் பல நாள் உலர்த்தித் துவைத்த பிறகும் வாசனை லேசாக மிஞ்சும். பெரியவர்கள் உடுத்திக்கொள்ளட்டும், குழந்தைக்கு வேறு துணி எடுங்கள். ஏற்கெனவே போர்த்தியிருந்து, கண் வெள்ளை மஞ்சளாவது, சிறுநீர் அடர்ந்த நிறமாவது, முகம் வெளிறுவது, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது இவற்றில் எதைக் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். அந்துருண்டை விஷயத்தை நீங்களாகவே சொல்லுங்கள், அவருக்குக் கேட்கத் தோன்றாமல் போகலாம். அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்கும்போது உருண்டையே தேவையில்லை. அந்துப்பூச்சியின் புழு கம்பளி, பட்டு போன்றவற்றைத்தான் தின்னும், வியர்வையும் உணவுக் கறையும் இருந்தால் இன்னும் ஆசையாக. நன்றாகத் துவைத்து, முழுக்கக் காயவைத்து, மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்தால் போதும். சந்தேகமான துணியைப் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் போட்டால் முட்டையும் புழுவும் செத்துவிடும்.

அடுத்து படுக்கை. விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரியில் துவையுங்கள். அந்தச் சூட்டில்தான் படுக்கைத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் சாகும். குறைந்த சூட்டில் துவைத்தால் அழுக்கு போகும், உண்ணிகளில் பெரும்பகுதி பிழைத்துக்கொள்ளும். துணி கண்டிஷனரை விட்டுவிடுங்கள். துணி டயாப்பரும் துண்டும் ஈரத்தை உறிஞ்சும் சக்தியை இழக்கும், தோலுக்கும் வீண் எரிச்சல். மெத்தையை வாக்குவம் செய்வதானால் குழந்தையை வேறு அறைக்கு மாற்றி, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்து, கிளம்பிய தூசி அடங்க ஒன்றிரண்டு மணி நேரம் விட்ட பிறகு திரும்பக் கொண்டுவாருங்கள். ஹெப்பா ஃபில்டர் இல்லாத மெஷின் நுண்ணிய தூசியைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும். துடைத்த மெத்தை உள்வரை காயாமல் விரிப்புப் போடுவது பூஞ்சைக்கு விருந்து வைப்பது.

குழந்தைக் கட்டில் வெளிச்சுவரை ஒட்டியிருந்தால் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். குளிரில் வெளிச்சுவர் வியர்க்கும், இடுக்கில் காற்று ஓடாது, பூஞ்சை அங்கேதான் முதலில் பிடிக்கும். சுத்தம் செய்த கையோடு கட்டிலை ‘அழகாக’ அடுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். துவைத்த பொம்மைகள், பஞ்சுத் தலையணை, ஓரத் தடுப்பு மெத்தை, தடித்த போர்வை எல்லாம் மூச்சடைக்கும் பொருள்கள். கெட்டியான தட்டையான மெத்தை, இறுக்கமாக மாட்டிய விரிப்பு, மல்லாந்து படுத்த குழந்தை. வேறு எதுவும் வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 1992-ல் குப்புறப் போடாதீர்கள் என்று சொன்னதற்குப் பிறகு அந்த நாட்டில் திடீர் சிசு மரணங்கள் பாதிக்கும் கீழே வந்தன. குளிருக்குப் போர்வைக்குப் பதில், உடைபோல மாட்டிவிடும் அளவான தூக்கப் பை போதும். அறை 16 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் சரி. கை கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், அவை எப்போதும் அப்படித்தான் இருக்கும். பிடரியையோ நெஞ்சையோ தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள்.

ஹீட்டரை வருடத்தில் முதல்முறை போடும்போது வரும் கருகல் வாசனை, உள்ளே தேங்கிய தூசி எரிவது. ஃபில்டரைக் கழுவி, கிரில்லைத் துடைத்து, ஜன்னலைத் திறந்துவைத்து, குழந்தை இல்லாத நேரத்தில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். கேஸிலோ விறகிலோ எரிவதானால் புகைபோக்கியை ஆள் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெரியவருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். குழந்தைக்கோ அது வெறும் தூக்கமாகத் தெரியும், ‘இன்று சமர்த்தாகத் தூங்குகிறது’ என்று நாம் நினைத்துக்கொள்வோம். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பட்டனை அழுத்திப் பாருங்கள், பின்னால் போட்டிருக்கும் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

ஹீட்டர் காற்றை உலர்த்துகிறது என்று, காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் வைக்கிறவர்கள் அதைத் தினமும் காலிசெய்து, துடைத்து, காயவைக்க வேண்டும். தொட்டிக்குள் கிருமிநாசினி எதையும் ஊற்றவே கூடாது. தென் கொரியாவில் அந்தத் தொட்டியில் ஊற்றுவதற்கென்றே விற்ற திரவங்கள்தான் பலரின் நுரையீரலைக் கெடுத்தன என்று 2011-ல் தெரியவந்தது. பாதிக்கப்பட்டவர்களில் சிறு குழந்தைகளும் கர்ப்பிணிகளும் நிறையப் பேர். தரையில் கிருமியைக் கொல்கிற பொருளை நுண்துளியாக்கி மூச்சில் கலந்தால் அது நுரையீரலையும் விட்டுவைக்காது. காற்றின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம் இருந்தால் போதும், அதற்கு மேல் உண்ணிக்கும் பூஞ்சைக்கும்தான் லாபம்.

கெமிக்கல் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. தரைக்கு வெந்நீரும் சாதாரண சோப்பும் போதும். ‘99.9 சதவீதம்’ என்று அச்சடித்த ஸ்பிரே குழந்தை இருக்கும் அறைக்குத் தேவையில்லை. வீட்டில் வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்திருந்தால் மட்டும் பிளீச் எடுங்கள். கடையில் விற்கும் 5 முதல் 9 சதவீத பிளீச்சானால் ஒரு லிட்டர் சாதாரணத் தண்ணீருக்கு 4 டீஸ்பூன். முதலில் சோப்பால் துடைத்துவிடுங்கள், அழுக்கின் மேலேயே ஊற்றினால் பிளீச்சின் சக்தி அழுக்கோடு போய்விடும். குறைந்தது ஐந்து நிமிடம் ஈரமாக நிற்கவிட்டுப் பிறகு நீரால் துடையுங்கள். கலந்தது மறுநாளைக்கு உதவாது. பிளீச்சோடு வினிகரோ ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அம்மோனியா உள்ள கண்ணாடி கிளீனர் சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு வரும். ஒரே வாளியில் கலந்தால்தான் என்றில்லை, அடுத்தடுத்து ஒரே பேசினில் ஊற்றினாலும் வரும்.

பால் பாட்டில் தனிக்கதை. நிப்பிள், வளையம், வால்வு எல்லாவற்றையும் பிரிக்காமல் கழுவினால் வால்வின் மடிப்பில் பால் தங்கிப் புளிக்கும். பாத்திரத் தொட்டிக்குள் போடாமல் இதற்கென்று ஒரு பேசினும் பிரஷும் வையுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தையானால் தினம் ஒருமுறை 5 நிமிடம் கொதிக்க வையுங்கள். துணியால் துடைக்க வேண்டாம், கவிழ்த்துக் காயவிடுங்கள்.

வாசனை சேர்த்த கிளீனர்களை நான் வேண்டாம் என்பதற்குத் தோல் மட்டும் காரணமில்லை. பிரிட்டிஷ் மருத்துவர் எய்டன் மெக்ஃபர்லேன் 1975-ல் வெளியிட்ட ஆய்வில், ஆறு நாள் குழந்தைகள் வேறு தாயின் துணியைவிடத் தங்கள் தாயின் மார்புத் துணி இருந்த பக்கமே அதிகம் திரும்பின. மணத்தை வைத்து ஆளை அறியும் ஒரு ஜீவனைச் சுற்றி ஒரே நாளில் எலுமிச்சையும் லாவண்டரும் நிரப்பினால் அதற்கு ஊரே மாறிப்போகும்.

சுத்தம் செய்யும் நாள் குழந்தைக்கு எப்படிப்பட்ட நாள் என்று யோசித்துப் பாருங்கள். மேசை இழுபடும் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுகிறது, கைமாறிக் கைமாறிப் போகிறது, பால் நேரம் பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று தள்ளிப்போகிறது. முதல் இரண்டு மாதத்தில் ஒரு குழந்தை ஒரு தடவையில் முக்கால் மணி முதல் ஒன்றரை மணி நேரம்தான் விழித்திருக்கத் தாங்கும். அதற்குள் பாலும் குடிக்க வேண்டும். ஆகவே ‘குழந்தை விழித்திருக்கும்போது வேலையை முடிப்போம்’ என்ற கணக்கு தேறாது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்கும். இடையில் கிடைப்பது இருபது, முப்பது நிமிடத் துண்டுகள். ஒரு துண்டுக்கு ஓர் அலமாரித் தட்டு. பாதியில் விட்டுப் போனாலும் ஆபத்தில்லாத வேலையை மட்டும் எடுங்கள். பிளீச் வாளி அந்த ரகமல்ல. வாக்குவம் சத்தத்தில் சில குழந்தைகள் தூங்கிவிடும் என்பது உண்மைதான், அதற்காகப் பக்கத்தில் நின்று தூசி கிளப்ப வேண்டியதில்லை.

அழுகைக்கு முன்பே குழந்தை சொல்லிவிடும். பசித்தால் உதட்டைச் சப்பும், கையை வாய்க்குக் கொண்டுபோகும், கன்னத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் வாயைத் திறந்து திரும்பும். அழுவது கடைசிக் கட்டம், அப்போது மார்பில் பிடிக்க வைப்பதே பாடு. களைத்தால் பார்வை வெறிக்கும், புருவம் சிவக்கும், கொட்டாவி வரும். போதும் போதும் என்றானால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், விரல்களை விரிக்கும், முதுகை வில்லாக வளைக்கும். முகம் திருப்பும் குழந்தையின் எதிரே போய்க் கிலுகிலுப்பை ஆட்டுகிறவர்கள் தயவுசெய்து அந்த நேரத்தில் விளக்குக் கூட்டைத் துடைக்கலாம்.

சாயங்கால அழுகை வேறு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன் 1962-லேயே எழுதியதுபோல, அழுகை இரண்டாவது வாரத்திலிருந்து ஏறி, ஆறாவது வாரத்தில் உச்சிக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் இறங்கும். குறைமாதக் குழந்தைக்கு இந்தக் கணக்கைப் பிரசவம் குறித்த தேதியிலிருந்து எண்ணுங்கள். உங்கள் பெரிய சுத்தம் அந்த ஆறாவது வாரத்தில் விழுந்தால் மூன்று வாரம் தள்ளிப்போடுவதில் எந்தக் குடியும் மூழ்காது.

எதற்கும் அடங்காமல் வீறிட்டால் பால், ஏப்பம், டயாப்பர், சூடு பார்த்த பிறகு சாக்ஸைக் கழற்றுங்கள். கால்விரல், கைவிரல், ஆண் குழந்தையானால் குறியையும் பாருங்கள். உதிர்ந்த முடியோ சாக்ஸின் உள்நூலோ சுற்றி இறுக்கி, விரல் வீங்கிச் சிவந்திருக்கும். பிரசவமான மூன்று நான்கு மாதத்தில் தாய்க்கு முடி கொட்டும், அதே பருவத்தில்தான் சாக்ஸும் கையுறையும் பெட்டியிலிருந்து வருகின்றன. துவைக்கும்போதும் மாட்டும்போதும் அவற்றை உள்வெளியாகத் திருப்பி, தொங்கும் நூலை வெட்டிவிடுங்கள். முடியை முழுதாக எடுக்க வரவில்லையென்றால் உடனே மருத்துவமனை, காத்திருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு ஆசனவாய் வெப்பம் 38 டிகிரி எட்டினாலும் அப்படியே. எல்லாம் சரியாக இருந்தும் அழுகை நிற்காமல் உங்கள் பொறுமை தீர்ந்தால், காலிக் கட்டிலில் மல்லாந்து படுக்கவைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே நில்லுங்கள். உலுக்கக் கூடாது, ஒரு நொடிகூட.

பழைய வீட்டு ஜன்னல் சட்டத்தில் பெயிண்ட் உரிந்திருந்தால் சுரண்டவோ உலர்வாகப் பெருக்கவோ வேண்டாம், ஈயம் இருக்கலாம். ஈரத்துணியாலும் சோப்புநீராலும் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கிப் போடுங்கள். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடைசெய்ததே 1978-ல்தான். இந்த வேலையும் நாற்காலி மேல் ஏறும் வேலையும் பிரசவமான உடம்புக்கு வேண்டாம், வீட்டில் வேறு கை இருக்கிறது.

தள்ளிவைத்தவற்றில் ஒன்று மட்டும் குழந்தை புரளத் தொடங்கியதும் முந்திக்கொள்ளும்: சோபாவுக்கு அடியும் கம்பளத்தின் ஓரமும். 3 சென்டிமீட்டருக்குக் குறைந்த எதுவும் தொண்டைக்குள் போகும். ரிமோட்டிலிருந்து விழுந்த பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே அரித்துவிடும். டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் வயிற்றைப் பதித்துப் படுத்துப் பாருங்கள், நின்று பார்த்தால் தெரியாது.